யாரோடு யார் சேர்வது: பருத்திப் பூவின் அரசியல்

பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். காலையில் வெளிர்மஞ்சளாக விரியும், மறுநாள் சிவந்து வாடிவிடும். அந்த ஒரு பகலில் யாருடைய மகரந்தம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்தியப் பருத்தியின் நூறாண்டுக் கதை.

பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். தேனீ வந்தால் கொஞ்சம் கலக்கும். தன்னோடு தானே சேரும்போது செடிக்குள் இருக்கும் மரபணுக் கலப்பு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும்: 100, 50, 25, 12.5. ஏழெட்டுத் தலைமுறையில் எல்லாம் ஒரே அச்சு. சீரான ரகம் கிடைச்சாச்சு, சரி. ஆனா அதற்குள் இனிப் பொறுக்கி எடுக்க ஒன்றுமில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்குக் கம்போடியா பருத்தி வந்தது. அதன் வயல்களில் நல்ல செடிகளாகப் பொறுக்கித்தான் கோயம்புத்தூரில் கோ 2 போன்ற ரகங்கள் உருவாயின. பொறுக்குவது தீர்ந்தால் கலக்க வேண்டும். 1974இல் வந்த சுவின் அப்படிப் பிறந்தது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற பெற்றோர் இருவரும் பெயரிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் எல்லோரும் எல்லோரோடும் சேர முடியாது. நம்ம கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், கம்போடியாவுக்கு 52. இயல்பாக இரண்டும் கலக்காது. ஆகவே கருங்கண்ணி வயலைவிட்டுப் போனபோது, அதன் குணங்கள் புதிய ரகங்களுக்குள் குடியேறிப் பிழைக்கவில்லை.

1970இல் சூரத்தில் சி.டி. படேல் ஹைப்ரிட்-4ஐக் கொண்டுவந்தார். வணிகரீதியில் பயிரான உலகின் முதல் கலப்பினப் பருத்தி அது. மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கணும், மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைத் தடவணும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அந்தக் கைகளில் பல, பள்ளியில் இருந்திருக்க வேண்டிய சிறுமிகளுடையவை.

கலப்பினம் என்றதும் பன்மை பெருகியது என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு செடிக்குள்ளும் கலப்பு உண்டு, வயல் முழுக்க அதே கலப்புதான். அதன் விதையை எடுத்து விதைத்தால் மறு தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும், விளைச்சலும் குறையும். அதனால் விவசாயி வருஷா வருஷம் கடைக்குப் போகணும். 2002இல் பிடி பருத்தி இந்தியாவுக்குள் வந்தது இந்தக் கலப்பின விதைகளில்தான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே பிடி பெரும்பாலும் தன் மகரந்த ரகங்களில் பயிராகிறது.

பூச்சியைக் கொல்லும் மரபணுவைப் பற்றி இங்கே நிறையச் சண்டை போட்டோம். அது எந்த வகை விதையில் வர வேண்டும் என்ற கேள்வியை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. அடுத்த வருஷ விதை விவசாயியின் வீட்டில் இருக்குமா, கடையில் இருக்குமா என்பதைத் தீர்மானித்தது அந்தக் கேள்விதான்.