கட்டும் இல்லை, மரமும் இல்லை

2024 டிசம்பரில் அப்பா கோவாவுக்கு வந்தார். என்னைப் பார்க்க என்று நினைத்துவிடாதீர்கள், சவேரியாரைப் பார்க்க! பழைய கோவாவில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை புனித சவேரியாரின் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். 1544-ல் எங்கள் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் நடந்து திரிந்தவர் அவர். அதனால் எங்கள் பக்கத்து மீனவர்களுக்குக் கோவா என்றால் பீச் கிடையாது, சவேரியார்தான். நான் வாஸ்கோவில் வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமாகக் கூப்பிட்டும் வராத மனிதர், சவேரியார் கூப்பிட்டதும் எழுபத்தெட்டு வயதில் ரயில் ஏறிவிட்டார்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்த மறுநாள் என் மகள் பிடிவாதம் பிடித்தாள். "பாட்டாவ கேட்டமரான்ல கூட்டிட்டுப் போலாம்பா, டால்ஃபின் பாக்கலாம்." பணஜியில் மாண்டவி ஆற்றங்கரையிலிருந்து கிளம்பும் உல்லாசப் படகு அது. ஆற்றின் வழியே கடல் முகத்துக்குப் போய், கோட்டைகளைக் காட்டி, டால்ஃபின் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சரி என்று நாலு டிக்கெட் எடுத்தேன்.

படித்துறையில் நின்று அப்பா அந்தப் படகை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஃபைபரில் செய்த இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் இரண்டையும் சேர்க்கும் அகலமான தளம், அதன்மேல் மெத்தை வைத்த இருக்கைகள். பேத்தி பெருமையாகச் சொன்னாள்: "பாட்டா, இதுதான் கேட்டமரான். நம்ம கட்டுமரம்!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எலே, இதுல கெட்டும் இல்ல, மரமும் இல்லியே. பின்ன எதுக்கு கட்டுமரம்னு சொல்லுகான்?"

நியாயமான கேள்வி. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததை வைத்து இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சோழர்கள் கட்டுமரத்தில் போய்க் கடாரத்தை வென்றார்கள் என்று ஒரு மின்னஞ்சல் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறதே, உங்களுக்கும் வந்திருக்கும். 1025-ல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மீது போனது உண்மை. ஆனால் அவனுடைய மெய்க்கீர்த்தி கப்பலுக்குச் சொல்லும் சொல் 'கலம்'. கட்டுமரம் என்ற சொல் அதில் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு பேரு ஏறினாலே இடுப்பளவு நனையும். யானைய எங்கலே கெட்டுவான்?"

கட்டுமரத்தின் உண்மையான பெருமை வேறு. அதைக் கண்டு அசந்து எழுதி வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். 1583 வாக்கில் மயிலாப்பூர் சாந்தோம் கரைக்கு வந்த காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகை வியாபாரி அதை எண்ணிப் பார்த்துக் குறித்திருக்கிறார். ஏழு மரங்கள். அடியில் ஐந்து. நடுமரம் நீண்டு தண்ணீரைக் கிழிக்க, இன்னொன்று பின்னால் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்க, அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பானாம். பெயரைக் 'கட்டமெரோனி' என்று எழுதிவிட்டார். பாவம், அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது :-) அப்புறம் 1673-ல் இங்கிலாந்து டாக்டர் ஜான் ஃப்ரையர் சோழமண்டலக் கரையில் பார்த்து எழுதினார். 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் கடற்பயணப் புத்தகத்தில் இந்தச் சொல் வந்த பிறகு, ஆங்கிலத்தில் அது நிலைத்தே விட்டது.

ஏன் அசந்தார்கள்? மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. 1640-ல் கோட்டை கட்ட ஆரம்பித்தும், அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டுத்தான் நின்றன. 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடியும் நேரத்தில் 1881 புயல் அதைப் பிய்த்துப் போட்டது. அதுவரை கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஆளையும் சரக்கையும் கொண்டுபோனவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்வார்கள். அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. அந்த மசூலாவும் போக முடியாத சீற்றத்தில் போனது கட்டுமரம். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார்கள். மசூலா கவிழ்ந்தால் விழுந்தவர்களை இழுத்துப் போடுவதும் அவர்கள்தான்.

காரணம் எளிது. படகு என்பது ஒரு பாத்திரம். அலை உள்ளே வந்தால் நிரம்பும், நிரம்பினால் முழுகும். கட்டுமரத்தில் நிரம்புவதற்குக் குழியே இல்லை. தண்ணீர் மேலே ஏறி, மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கி மணலில் காயப் போடுவார்கள். ஈரம் ஏறினால் மரம் கனத்துவிடும் இல்லையா, அதனால். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டு. அவிழ்ப்பதும் கட்டுவதுமாகத்தான் அப்பாவின் நாற்பத்தைந்து வருஷம் போனது.

சரி, இந்தப் பெயர் எப்படி இரட்டைப் படகுக்குப் போனது?

ஆங்கிலேயர்களுக்கு முதலில் எது கேட்டமரான் என்பதில் தெளிவே இல்லை. கட்டிய மிதவை எல்லாம் கேட்டமரான்தான். 1804-ல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் தண்ணீர் மட்டத்தோடு மிதந்து போகும் வெடிமருந்துப் பெட்டிகளை இங்கிலாந்துக்குச் செய்து கொடுத்தார். அதற்குக்கூடக் கேட்டமரான் என்றே பெயர். பூலோன் துறைமுகத்தில் வெடித்துப் பார்த்தார்கள், பெரிய சேதம் ஒன்றும் இல்லை. இலங்கையிலோ, பக்கத்தில் மிதவை கட்டிய தோணிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அங்கே அதன் பெயர் 'ஒருவ'. மெட்ராஸ் மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது, இப்படி ஒரே பெயரில் குழம்பிக் கிடந்த வகைகளை எல்லாம் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்.

இரண்டு உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெருங்கடலை நட்சத்திரம் பார்த்துக் கடந்தவர்கள் அவர்கள். 1774-ல் கேப்டன் குக் டஹிட்டியில் இரட்டைப் போர்த்தோணிகளின் பெரிய அணிவகுப்பையே பார்த்தார். ஐரோப்பாவிலும் 1662-ல் வில்லியம் பெட்டி என்பவர் டப்ளினில் இரண்டு உடல் படகு ஒன்றைக் கட்டி ஓட்டியிருக்கிறார். ஆனால் இவை எதற்கும் அப்போது கேட்டமரான் என்று பெயர் இல்லை.

திருப்பம் 1876-ல். அமெரிக்க சுதந்திரத்தின் நூறாம் ஆண்டுக்கு நியூயார்க்கில் நடந்த பாய்மரப் போட்டியில், நதானியேல் ஹெரஷாஃப் என்ற இளைஞர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்தார். பெரிய பெரிய படகுகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார். தோற்றவர்கள் புகார் கொடுக்க, 'இது படகே இல்லை' என்ற கதையாகப் பரிசு பறிபோனது. படகுக்கு வெளியே நின்ற அந்தப் படகோடுதான் கேட்டமரான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1947-ல் ஹவாயில் வுடி பிரவுன் நண்பர்களோடு சேர்ந்து 'மனு கை' என்ற கேட்டமரானைக் கட்டி, வைகீகி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனார். மனு கை என்றால் கடற்பறவை. நாங்கள் பணஜியில் ஏறியது அந்தப் பறவையின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, உடல் பசிபிக்கில் இருந்து வந்தது. பெயர் எங்கள் கரையில் இருந்து போனது. இரண்டையும் கட்டியது வெள்ளைக்காரன். அப்பாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இனி சவாரிக்கு வருகிறேன். படகு ஆற்றில் இறங்கியது. வலப்பக்கம் ரெய்ஸ் மாகோஸ் கோட்டை, இடப்பக்கம் மிராமர் மணல், அப்புறம் முனையில் ஆளுநர் மாளிகை. எதிரே போர்ச்சுகீசியர் 1612-ல் கட்டிய அகுவாடா கோட்டை. அகுவாடா என்றால் தண்ணீர் பிடிக்கும் இடம். லிஸ்பனில் இருந்து வரும் கப்பல்கள் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டது இங்கேதான். இரண்டு கால் ஊன்றி நிற்பதுபோல் படகு ஆடாமல் போனது. என் மனைவி தேநீர் குடித்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பாவுக்கு அதுதான் ஆச்சரியம். "கடல்ல வந்து காலு நனையல பாரு" என்றார்.

ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பையன், இது வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு, பெயரும் வெளிநாட்டுப் பெயர் என்று இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தான். மகள் என் கையைக் கிள்ளினாள். "சொல்லுங்கப்பா."

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். விடுதியில் மீன் நாற்றம் என்று ஒருவன் கிண்டல் செய்ததைக் கேட்டபிறகு, ஊர்ப் பெயரைக்கூட நாகர்கோவில் என்றுதான் சொல்வேன். வேலைக்கு வந்தபின் அலுவலக வினாடி வினாவில் 'தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன கடல் சம்பந்தமான சொல்' என்று கேட்டார்கள். முதலில் கை தூக்கியது நான். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. கைதட்டினார்கள். சொல்லுக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன், அந்தச் சொல்லின்மேல் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கடிகாரம் இன்னும் எங்கள் வீட்டு ஹாலில் ஓடுகிறது.

எழுந்து போய் வழிகாட்டியிடம் சொன்னேன். இது தமிழ்ச் சொல், கட்டிய மரம் என்று அர்த்தம், அதோ உட்கார்ந்திருப்பவர் என் அப்பா, பதின்மூன்று வயதிலிருந்து உண்மையான கட்டுமரம் ஓட்டியவர். பையன் நல்லவன். உடனே அதை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான். எல்லாரும் திரும்பிப் பார்க்க, அப்பா வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார்.

அப்போதுதான் அவர் கை நீண்டது. "அந்தா, ஓங்கல்." வழிகாட்டிக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். முதுகில் திமில் போன்ற மேட்டோடு சாம்பல் நிறத்தில் மூன்று. திமில் ஓங்கில்கள் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரிலேயே வாழ்பவை. அதனால்தான் சவாரியில் சுலபமாகக் கண்ணில் படுகின்றன. படகும் வலையும் அதே நீரில் இருப்பதால்தான் அவற்றுக்கு ஆபத்தும். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள், நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. எங்கள் படகு இன்ஜினைக் குறைத்தது. இரண்டு சின்ன விசைப்படகுகள் மட்டும் சத்தத்தோடு துரத்தின. ஓங்கல்கள் முங்கிவிட்டன.

"வெரட்டுனா வராது. சும்மா இருந்தா அதுவா பக்கத்துல வரும்" என்றார் அப்பா. வலையைக் கிழித்துவிட்டுப் போகும் ஓங்கலைத் திட்டியிருக்கிறாராம். ஆனால் இருட்டில் தனியாகக் கிடக்கும்போது பக்கத்தில் அது மூச்சு விடும் சத்தம் கேட்டால் ஒரு துணை போல இருக்குமாம். இதை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கேட்டதும் இல்லை.

அப்பாவின் கட்டுமரம் 2004 டிசம்பர் 26-ல் போனது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கரையில் காயப் போட்டிருந்தார். நாலு மரத்தில் ஒன்றுதான் கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த கட்டுமரங்கள் பல ஊர்களில் அதோடு கரையேறின. ஃபைபர் படகில் வேகம் உண்டு, தூரம் போகலாம், உடம்பு நனையாது. பிழைப்புக்கு நல்லதுதான், குறை சொல்ல நான் யார்? அப்பா மட்டும் பிறகு கடலுக்குப் போகவில்லை. மிஞ்சிய அந்த ஒரு மரம் எங்கள் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. சாயங்காலம் அதில்தான் உட்காருவார். இத்தனை நாள் அதை நான் ஒரு பெஞ்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த மரம் எந்தப் பக்கம் வரும், முடிச்சு எப்படிப் போடுவது, எந்தக் காற்றுக்குப் பாயை எப்படித் திருப்புவது, கரையில் எந்த இரண்டு அடையாளத்தை நேராக வைத்தால் எந்தப் பார் அடியில் இருக்கும்... பதினோரு பக்கம் எழுதினேன். பாதியில் தூக்கம் வந்துவிட்டது அவருக்கு. மீதியை மே மாத லீவில், அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்து கேட்டு எழுதினேன்.

நம்மில் பலர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் நெய்தவரோ, பனை ஏறியவரோ, உப்பளத்தில் நின்றவரோ, யாராக இருந்தாலும் சரி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். அவர்களே சொல்வார்கள், நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.