குரல் எங்கிருந்து வருகிறது?

எங்கள் வீட்டுக் கூடத்தில் சென்ற தீபாவளிக்கு ஹோம் தியேட்டர் வந்து இறங்கியது. வந்தது ஒரு பெட்டி அல்ல, ஏழு பெட்டிகள். டெலிவிஷனுக்கு இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். அதன் கீழே நடுவில் படுத்த வாக்கில் ஒன்று. உட்காருகிறவர்களுக்குப் பின்னால் இரண்டு. இடி முழக்குவதற்கென்றே மூலையில் கனமாக ஒன்று. இத்தனையையும் கட்டி மேய்க்க ரிஸீவர் என்ற கறுப்புப் பெட்டி. கடையிலிருந்து வந்த இளைஞர் ஒயர்களை மாட்டினார். ரிமோட்டில் எதையெதையோ அழுத்தினார். சுவர் அதிரும்படி ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். குழந்தைகள் கை தட்டினார்கள். பணம் கொடுத்தவன் என்ற முறையில் நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரத்தில் அம்மா கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. காது கொஞ்சம் மந்தம். ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இரவில் எங்களோடு ஒரு பழைய படம் பார்ப்பது ஒன்றுதான் அவளுடைய பொழுதுபோக்கு. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்:

“அந்தப் பிள்ளை அங்கே நின்னு பேசறான். குரல் என் முதுகுக்குப் பின்னாலேருந்து வருது. யாரோ கூப்பிடறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலிக்குதுடா. நீங்க பாருங்க. நான் உள்ளே படுத்துக்கறேன்.”

வயதானவர்கள் எதற்கும் ஒரு குறை சொல்வார்கள் என்று நினைத்தேன். இந்த எண்ணத்துக்காகப் பின்னால் நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. ரிஸீவரின் சரித்திரத்தைப் புரட்டப் போன இடத்தில், அம்மா சொன்ன இதே குறையை 1931-ம் வருஷம் லண்டன் நகரத்தில் ஓர் இளைஞர் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்தக் குறையிலிருந்துதான் இந்தக் கலையின் பெரும் பகுதி பிறந்திருக்கிறது!

அவர் பெயர் ஆலன் ப்ளூம்லைன். இ.எம்.ஐ. கம்பெனியில் என்ஜினீயர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பின்னால் தமக்கு மனைவியான பெண்ணுடன் சினிமாவுக்குப் போயிருந்தார். பேசும் படங்கள் புதிதாக வந்த காலம் அது. நடிகர் திரையின் ஒரு கோடியில் நின்று பேச, குரல் மட்டும் ஸ்பீக்கர் இருந்த ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. குரல் மனிதனோடு நடக்க வேண்டாமா, அதற்குத் தம்மிடம் வழி இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னதாகக் கூறுவார்கள். வெறும் பேச்சோடு அவர் நிறுத்தவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 14-ந் தேதி பேடண்ட் உரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். அதில் எழுபது உரிமைக் கோரிக்கைகள் இருந்தன.

நமக்கு ஏன் இரண்டு காதுகள்? வலது பக்கத்தில் ஒரு காக்கை கரைந்தால் வலது காதுக்குச் சத்தம் ஒரு கணம் முந்தி எட்டுகிறது. அந்தக் கணம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மூளை அதைக் கணக்கிட்டு, ‘காக்கை வலது பக்கம்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஒரே ஸ்பீக்கரிலிருந்து எல்லாச் சத்தமும் வந்தால் மூளைக்குக் கணக்குப் போட ஏதுமில்லை. இரண்டு மைக்கில் பிடித்து இரண்டு ஸ்பீக்கரில் விட்டால் கணக்கு மீண்டும் உயிர் பெறுகிறது. ப்ளூம்லைன் கண்ட வழியின் சாரம் இதுதான்.

இதன் ருசியை அதற்கு ஐம்பது வருஷம் முன்பே பாரிஸ் ஜனங்கள் அறிந்திருந்தார்கள். 1881-ல் நடந்த மின்சாரக் கண்காட்சியில் க்ளெமான் அதேர் என்பவர் ஆப்பரா மேடையின் விளிம்பில் டெலிபோன் மைக்குகளை வரிசையாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாடகர் மேடையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்டு அதிசயித்தார்கள். பிற்பாடு இதுவே சந்தா கட்டி வீட்டில் கேட்கும் வசதியாயிற்று. நோயாளியான நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்த் 1911-ல் அந்தச் சந்தாதாரர்களில் ஒருவர். வெளியே போக முடியாத மனிதருக்கு அரங்கத்தையே வீட்டுக்குக் கொண்டு வந்த முதல் ஹோம் தியேட்டர் என்று அதைச் சொன்னால் தவறில்லை.

ப்ளூம்லைன் 1935-ல் ஒரு சின்னப் பரீட்சைப் படம் எடுத்தார். அவருடைய சகாக்கள் மேடையில் இப்படியும் அப்படியும் பேசிக்கொண்டே நடந்தார்கள். குரலும் அவர்களோடு நடந்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் கம்பெனிக்கு அப்போது இதில் லாபம் தெரியவில்லை. அவரை டெலிவிஷனுக்கும், யுத்தம் வந்ததும் ராடாருக்கும் திருப்பிவிட்டார்கள். 1942-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி, விமானத்தில் ஒரு ராடார் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது விமானம் விழுந்து மாண்டார். வயது முப்பத்தெட்டு. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்குப் பரவலாக வந்தது 1958-ல்தான். அந்தத் தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலிகளைச் செதுக்கும் முறையும் அவருடைய விண்ணப்பத்தில் முன்பே இருந்தது.

இரண்டு ஸ்பீக்கரில் ஒரு சங்கடம் உண்டு. சரியாக நடுவே உட்கார்ந்தவனுக்குத்தான் சுகம். ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு எல்லாக் குரலும் பக்கத்து ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் இதற்குப் பரிகாரம் தேடினார்கள். 1933-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி பிலடெல்பியாவில் வாத்தியகோஷ்டி வாசித்தது. அதை மூன்று தனித்தனி டெலிபோன் கம்பிகளில் வாஷிங்டனுக்கு அனுப்பி, வெறும் மேடையில் இடம், வலம், நடு என்று மூன்று ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டார்கள். எங்கள் டெலிவிஷனுக்குக் கீழே படுத்திருக்கும் அந்த நடு ஸ்பீக்கரின் பூர்வீகம் இது. 1953-ல் சினிமாஸ்கோப் வந்தபோது, திரைக்குப் பின்னால் மூன்று, மண்டபத்தைச் சுற்றி ஒன்று என நான்கு ஒலித் தடங்கள் வந்தன. பேச்சு பெரும்பாலும் நடுவில் நிலைத்தது.

இதை மலிவாக்கி எல்லாத் தியேட்டருக்கும் பரப்பியவர் ரே டால்பி. நமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்ல. 1963 முதல் இரண்டு வருஷம் ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக இந்தியாவில் வேலை செய்தவர். 1965-ல் லண்டனில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஒலிநாடாவின் ‘உஸ்’ என்ற இரைச்சலைக் குறைப்பது அவருடைய முதல் வெற்றி. பிறகு, நான்கு ஒலிகளைப் படச்சுருளின் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்து, தியேட்டரில் விரிக்கும் முறை வந்தது. 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் அதை உலகறியச் செய்தது. 1982-ல் அது வீட்டுக்குள் நுழைந்தது. 1987-ல் வீட்டு ரிஸீவருக்கு நடு ஸ்பீக்கரும் கிடைத்தது. 1992-க்குப் பிறகு டிஜிட்டல் வந்து, ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனித் தடம், மூலைப் பெட்டிக்கு ஒரு சின்னத் தடம் என்று வழக்கமாகிவிட்டது. விளம்பரங்களில் காணும் ‘5.1’ என்ற எண்ணின் ரகசியம் இதுவே.

இவ்வளவும் சரி, அம்மாவுக்கு மட்டும் குரல் ஏன் பின்னாலிருந்து வந்தது? அதற்கு விடை ஜெர்மனியில் இருந்தது. 1949-ல் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் ஹெல்முட் ஹாஸ் என்ற மாணவர் ஓர் ஆராய்ச்சி நூல் சமர்ப்பித்தார். ஒரே பேச்சு இரண்டு இடத்திலிருந்து சற்று முன்பின்னாக வந்தால், காது முதலில் வந்ததையே நம்புகிறது. பின்னால் வருவது கொஞ்சம் உரக்க இருந்தாலும் அதை லட்சியம் செய்வதில்லை. முந்தி வந்தவனுக்குத்தான் பந்தி!

தையல் மிஷின் டிராயரிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்தை அளந்தேன். அம்மாவின் நாற்காலிக்கும் பின் ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டர். நாற்காலிக்கும் டெலிவிஷனுக்கும் நாலு மீட்டர். சத்தம் ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே பின்னாலிருந்து வரும் குரல் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு முந்திக்கொள்கிறது. போதாக்குறைக்கு, அந்த இளைஞர் ரிஸீவரை ‘எல்லா ஸ்பீக்கரிலும் ஸ்டீரியோ’ என்ற முறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சத்தம் ஜோராக இருக்கும் அல்லவா? அதனால் கதாநாயகன் பேசியதெல்லாம் அம்மாவின் முதுகுப் பக்கமே முதலில் பேசப்பட்டது. அம்மாவின் காதில் பிசகில்லை. பௌதிக சாஸ்திரப்படி அது மிகச் சரியாகவே கேட்டிருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தூரங்களைத் தானே அளந்துகொள்ள ரிஸீவரோடு ஒரு சின்ன மைக் வருகிறது. உட்காருகிறவர் காது இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். அந்த இளைஞர் அதை நடுக்கூடத்து ஜமக்காளத்தில் வைத்திருந்தார். அங்கே யாரும் உட்காருவதில்லை. இல்லாத ஒரு மனிதருக்காக எங்கள் வீட்டில் ஒரு தியேட்டர் நடந்துகொண்டிருந்தது.

மைக்கை அம்மாவின் நாற்காலியில், அவள் காது உயரத்தில் வைத்து மறுபடி அளக்கச் சொன்னேன். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘சோ’வென்று மழை பெய்வது போல் ஒரு சத்தம் விட்டுப் பார்த்தது. பிறகு பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி, அதன் சத்தத்தையும் குறைத்துக்கொண்டது. ‘ஸ்டீரியோ’ முறையை மாற்றி ‘சரௌண்ட்’ முறையில் வைத்தேன். அந்த முறையில், இடத்திலும் வலத்திலும் ஒன்றாக வரும் குரலை ரிஸீவர் பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். பழைய படங்களின் பேச்சு முழுவதும் அப்படித்தான் நடுவுக்கு வந்து சேருகிறது. நடு ஸ்பீக்கரை மட்டும் மூன்று டெசிபல் உயர்த்தினேன். இராக்காலத்துக்கென்று ஒரு முறை இருந்தது. அது இடியை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கிவிடுகிறது, அதையும் போட்டேன். தூரம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, எந்த முறை என்று பெட்டி நூறு கேள்வி கேட்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கேட்கப்போகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? எனக்கு அது ஒரு வாரம் தோன்றவில்லை.

அன்றிரவு அம்மாவைக் கெஞ்சி அழைத்து வந்து உட்கார வைத்தேன். ஒரு பழைய படம் ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“இப்பத்தாண்டா அவன் வாயாலே பேசறான்” என்றாள்.