கோப்பி இலையும் கதிரொளியும்

கொஸ்லந்தவிலிருந்து அப்புத்தளைப் பக்கமாக மலையேறிச் செல்வோர் இன்று காண்பது தேயிலைப் பசுமை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைப் பகுதியில் செழித்திருந்தது கோப்பி. அந்தக் கோப்பியை அழித்த நோய்க்கும், இன்று நோய்க் கிருமிகளை ஒழிக்கப் பயன்படும் ஊதாக் கடந்த ஒளிக்கும் ஓர் உறவு உண்டென்றால் வியப்பாயிருக்கும். அவ்வுறவுக்குக் காரணமானவர் மார்சல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியல் அறிஞர். அவர் கதையைச் சொல்லும்போது, நம் மலைநாட்டு லயங்களின் கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது.

1869ஆம் ஆண்டிலே, ஊவாவின் மடூல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டார்கள். பேராதனைப் பூந்தோட்டத் தலைவர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே பேர்க்லி என்னும் அறிஞர், இது உலகம் அறியாத புதியதொரு பங்கசு எனக் கண்டு, 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்குப் 'பாழாக்குவது' என்று பொருள். தோட்டத் துரைமாரோ அதனைப் 'பாழாக்கும் எமிலி' என்று பரிகாசம் செய்தனர். பரிகாசம் நெடுநாள் நீடிக்கவில்லை. பத்தாண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பித் தோட்டங்கள் யாவற்றையும் நோய் பற்றிக்கொண்டது.

இந்நிலையில் 1880ஆம் ஆண்டில் அரசாங்கம் வரவழைத்த இளைஞரே மார்சல் வார்ட். இரண்டாண்டுக் காலம் அவர் இங்கே தங்கி ஆராய்ந்தார். காற்றில் மிதந்து வரும் நுண்ணிய வித்திகளைக் கண்ணாடித் தகடுகளிற் பிடித்தார். அவை ஈரமான இலையிலே முளைத்து உள்ளே நுழைவதை உருப்பெருக்கி வழியே கண்டறிந்தார். நோய் மண்ணிலிருந்தோ வானிலையிலிருந்தோ பிறப்பதன்று, உயிருள்ள ஒன்று இலைக்கு இலை தாவுவதே நோய் என்று நிறுவினார். ஆயினும், மருந்தை எதிர்பார்த்திருந்த தோட்டக்காரருக்கு அவர் கொடுக்க முடிந்தது விளக்கம் மட்டுமே. கோப்பி மறைந்தது, தேயிலை வந்தது. வார்ட் தாயகம் திரும்பினார்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு வினா எழுந்திருந்தது. 1877ஆம் ஆண்டில் டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர், வெயிலில் வைத்த சோதனைக் குழாய்களில் பற்றீரியாக்கள் வளர்வதில்லை என்று அறிவித்திருந்தனர். ஒளியின் எந்தக் கூறு அவற்றைக் கொல்கிறது? 1890களில், தேம்ஸ் நதி நீரிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய அரச கழகம் முற்பட்டபோது, வார்ட் இவ்வினாவை எடுத்துக்கொண்டார்.

அவர் செய்த பரிசோதனை எளிது. சிறு பிள்ளைக்கும் விளங்கும். கூழ் போன்ற ஊட்டப் பொருளிலே அந்திராக்சு நோயின் வித்திகளைக் கலந்து தட்டிற் பரப்பினார். ஓர் எழுத்தை வெட்டி எடுத்த கறுப்புத் தாளால் தட்டை மூடி, வெயில் படச் செய்தார். பின்னர் இருட்டிலே கதகதப்பான இடத்தில் வைத்தார். தாள் மறைத்த இடமெங்கும் கிருமிகள் மண்டி வளர்ந்தன. ஒளி பட்ட இடத்தில் மட்டும் அந்த எழுத்து தெளிவாகத் துலங்கியது. ஒளியே எழுதிய எழுத்து அது! அடுத்து, மின் ஒளியைப் படிகக்கல் அரியத்தின் வழியே பிரித்துப் பார்த்தார். செந்நிறக் கதிர்கள் கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை. நீலம், ஊதா, அதற்கும் அப்பால் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர் ஆகியவையே கொன்றன. சாதாரணக் கண்ணாடி அக்கதிர்களிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது என்பதும் தெரிந்தது.

அதே ஆண்டுகளில் இன்னோர் இலை அறிவியலுக்கு வழிகாட்டியது. 1892ஆம் ஆண்டில் ருசியாவில் ஐவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பற்றீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தும், அது நோயைப் பரப்பக் கண்டார். 1898ஆம் ஆண்டில் பைஜெரிங்க் என்னும் ஒல்லாந்தர் அக்காரணியை வைரசு என்றழைத்தார். இந்த வைரசையும் ஒளி கொல்லுமா? 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிவர்ஸ், கேட்ஸ் என்போர், அம்மைப்பாலில் உள்ள வைரசு இக்கதிரால் செயலிழப்பதைக் காட்டினர். 1936ஆம் ஆண்டில் புகையிலை வைரசை ஆராய்ந்த ஹொலண்டர், டகர் ஆகியோர், அது பற்றீரியாவைக் காட்டிலும் பன்மடங்கு தாக்குப்பிடிப்பதைக் கண்டனர். எனவே ஒரே அளவு ஒளி எல்லாக் கிருமிக்கும் போதாது.

கொல்லும் முறை யாது? ஒவ்வோர் உயிரின் பரம்பரைச் செய்தியும் நியூக்கிளிக்கமிலம் என்னும் நீண்ட சங்கிலியில் எழுதப்பட்டிருக்கின்றது. 260 நனோமீற்றர் அளவிலான அலைநீளத்தை அச்சங்கிலி மிகுதியாக உறிஞ்சுகின்றது. உறிஞ்சியதும், அடுத்தடுத்துள்ள சில கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. பின்னர் அச்செய்தியைப் பிரதி செய்ய இயலாது. பெருக இயலாத வைரசு நோய் செய்யாது. பாதரச ஆவி விளக்கு தரும் 254 நனோமீற்றர்க் கதிர் இதற்கு மிகவும் பொருந்துவது. சூரியனிடமிருந்தும் இத்தகைய கதிர் புறப்படுகின்றது. ஆனால் வானிலுள்ள ஓசோன் படலம் அதனைத் தடுத்துவிடும். தடைகடந்து நம்மை அடையும் சற்று நீண்ட கதிர்களும் கிருமிகளைக் கொல்லும், மெதுவாகக் கொல்லும்.

விளக்கால் தொற்றைத் தடுக்கலாம் என்று காட்ட முயன்றவர் அமெரிக்கரான வெல்ஸ். பிலடெல்பியாப் பகுதிப் பாடசாலை வகுப்பறைகளின் மேற்புறத்தில் இவ்விளக்குகளை அவர் பொருத்தினார். 1941ஆம் ஆண்டில் சின்னமுத்து பரவியபோது, விளக்குள்ள வகுப்புகளில் நோய் மிகக் குறைவாகவே கண்டது. பிற இடங்களில் நடந்த பரிசோதனைகளிலோ அத்துணைப் பயன் தெரியவில்லை. வகுப்பறையில் விளக்கு எரிந்தது. குழந்தைகளோ வாகனத்திலும் வீட்டிலும் நெருக்கமாகக் கூடியிருந்தனர். ஓரிடத்தை மட்டும் தூய்மை செய்தால், நோய் மற்றோரிடத்தில் வழி தேடிக்கொள்ளும் என்பதே அதனாற் பெற்ற பாடம்.

நேயர்களே, இப்பாடம் நம் மலைநாட்டுக்கு மிகவும் நெருங்கியது. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து கோப்பி நட்ட மக்களுக்குக் கட்டப்பட்டவை லயங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு கதவு. பலவற்றிற் சாளரமே இல்லை. கோப்பி இலை வாடியபோது அரசாங்கம் கடல் கடந்து அறிஞரை வரவழைத்தது. அந்தக் கோப்பிப் பழத்தைப் பறித்த கையும் காய்ச்சலால் வாடிய நாள்கள் பல. அவர்களுக்கோ ஒரு சாளரம்கூட வாய்க்கவில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்று வந்தபோது, ஒற்றை அறையில் வாழும் குடும்பத்தில் நோயாளியைத் தனியே வைப்பது எங்ஙனம் என்ற பழைய வினா மீண்டும் எழுந்தது.

அக்காலத்தில் கடைகளில் ஊதாக் கடந்த விளக்குகள் பலவும் விற்பனைக்கு வந்தன. அவ்விளக்கு கண்ணையும் தோலையும் புண்படுத்தும். கையைத் தூய்மை செய்ய அதனைப் பயன்படுத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. நிழலில் ஒளிந்த கிருமியை அது தொடாது. தூசியும் அழுக்கும் கிருமிக்குக் கவசமாகும்.

செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. நிறமற்ற தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி, கூரைமேல் நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினால், நோய்க்கிருமிகள் பெரிதும் ஒழியும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வேண்டும். கலங்கிய நீருக்கு இது பயன்படாது. மழை தொடர்ந்து பெய்யும் காலத்தில் கொதிக்கவைத்த நீரே துணை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்த மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. தப்பியவர்களுக்கு வேறிடத்தில் தனித்தனி வீடுகள் பின்னர் எழுந்தன. நிலம் உறுதியாயிருத்தல் ஒரு வீட்டுக்கு முதல் தேவை. அதற்கு அடுத்த தேவை காற்றும் வெளிச்சமும். திறந்த சாளரம் வெயிலை உள்ளே விடுகின்றது, தேங்கிய காற்றை வெளியே அனுப்புகின்றது. கறுப்புத் தாளில் வார்ட் ஓர் எழுத்தளவு திறப்பை வைத்தார். அவ்வளவே ஒளி புகுந்து கிருமியை ஒழித்தது. லயத்துச் சுவரிலும் ஒரு திறப்பு வேண்டும் என்று கேட்பது பெரிய வேண்டுகோள் அன்று.