ரயிலால் உண்டான தனுஷ்கோடி

மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எங்க அம்மாச்சி பிறந்த தனுஷ்கோடியைப் பற்றி, அவங்க சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அது மீனவர் குடிசைகளும், கடலாட வருகிற யாத்ரீகர்களும் இருந்த மணல்மேடுதான். கொழும்பு போகிறவங்க தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறணும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு எல்லாம் மாறிப்போச்சு. ரயில் நேராகக் கப்பல் துறைக்கே வந்தது. எதிரே தலைமன்னார். சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்தால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். அதுதான் போட் மெயில். அப்போ பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் மெயின் லைன், ராமேஸ்வரத்துக்குக் கிளை லைன்தான். இதைச் சொன்னால் எங்க வீட்டுப் பிள்ளைங்களே நம்புறதில்லை.

ரயில் வந்ததும் ஸ்டேஷன், சுங்க ஆபீஸ், தபாலாபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று ஊர் வளர்ந்தது. அம்மாச்சியோட அப்பா கப்பல் துறையில் மூட்டை தூக்கினார். அம்மாச்சியும் அவங்க அம்மாவும் தண்ணி விற்றாங்க. அங்கே மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணி ஊறும். சுத்தியும் உப்புக்கடல், நடுவுல குடிக்கிற தண்ணி! அதைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமா அள்ளி, குடம் நிறைய அரை மணி நேரம் ஆகுமாம். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குச் சுமந்து கொடுத்து வந்த காசில்தான் அம்மாச்சிக்குத் தோடு எடுத்தாங்க. பாலம் கட்டின துரைமார் கதை புத்தகத்தில் இருக்கு. குடம் சுமந்தவங்க கதை எதிலும் இல்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோச்சு. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் யாரும் பிழைக்கலை. அம்மாச்சி அன்றைக்குத் தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பிச்சாங்க. அவங்க அப்பா திரும்பி வரலை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி பண்ணினாங்க. தனுஷ்கோடி லைனை மட்டும் திரும்பப் போடவே இல்லை. வசிக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவிச்சிடுச்சு.

அம்மாச்சிக்கு 80 வயசு தாண்டிடுச்சு. அவங்க சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிட்டு வரேன். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட பழைய ரயில் டிக்கெட்டோ போட்டோவோ இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. பார்த்து எழுதிக்கிட்டு பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்.