கண்ணாடி ஆப்பிளும் குரோஸ் கணக்கும்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு டப்பா நிறைய கல்கல்லும், இன்னொன்றில் அச்சு முறுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். மாவை உருட்டி, சீப்பின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டிய கல்கல். வருடா வருடம் வரும், வந்த அன்றே தீர்ந்துவிடும். பதிலுக்கு என் மகள் அவர்கள் வீட்டு மரத்தில் தொங்கவிடுவதற்காக பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினாள். சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாக நியூரம்பர்க்கில் மூன்று மாதம் இருந்தபோது அங்கே கிறிஸ்துமஸ் சந்தையில் நான் வாங்கிய கண்ணாடி அலங்காரங்கள். ஒரு ஆப்பிள், ஒரு வாதுமைக் கொட்டை, சில உருண்டைகள். மூடிக்குள் ஒரு சீட்டு. வாயால் ஊதி, கையால் வண்ணம் தீட்டியது என்று ஜெர்மனில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"கையாலன்னா யார் கையால?" என்றாள்.

தெரியவில்லை. எனக்கு இந்த மாதிரி கேள்வி மாட்டினால் தூக்கம் போய்விடும் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அடுத்த சில வாரங்கள் இதிலேயே போனது.

முதலில் எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம்: ஆரம்பத்தில் பலகாரம் வேறு, அலங்காரம் வேறு என்று இல்லை. 1605-ல் ஸ்ட்ராஸ்பூர்க் வழியாகப் போன யாரோ ஒரு பயணி, அந்த ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஃபிர் மரங்களை வீட்டு அறைக்குள் நிறுத்துவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அதில் தொங்கியவை பல நிறக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பத் தகடுகள், ஜிகினாத் தாள், சர்க்கரைப் பண்டம். காகிதத்தையும் ஜிகினாவையும் விட்டுவிட்டால் மீதி எல்லாமே தின்பண்டம்! ஆப்பிளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். டிசம்பர் 24 பழைய கிறிஸ்தவ நாட்காட்டியில் ஆதாம் ஏவாள் நாள். அன்று நடந்த ஏதேன் தோட்ட நாடகத்துக்கு ஆப்பிள் கட்டிய மரம் ஒன்று வேண்டும். நாடகம் வழக்கொழிந்தும் மரம் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டது. ஜனவரி 6-ம் தேதி வாக்கில் பண்டிகை முடியும்போது பிள்ளைகள் மரத்தை உலுக்கி, விழுவதைத் தின்று தீர்ப்பார்கள். அதாவது அந்த மரம் பன்னிரண்டு நாள் நின்ற ஒரு பலகாரத் தட்டு.

கூடவே தேனும் மசாலாவும் சேர்த்த லேப்கூகன். நியூரம்பர்க்கைச் சுற்றியிருந்த காட்டில் தேனெடுப்பவர்கள் இருந்தார்கள், வெனிஸ் வழியாக மசாலா வந்தது. 1643-ல் அந்தப் பலகாரம் செய்பவர்களுக்கென்றே தனி கில்டு அங்கே உருவானது. ஜெர்மனியின் சில பகுதிகளில் இதற்கு 'மிளகு கேக்' என்று இன்னொரு பெயர். மிளகு, ஏலக்காய், கிராம்பு, பட்டை, இஞ்சி என்று பட்டியலைப் பார்த்தால் நம்மூர் மளிகைக் கடை வாசனை வரும். பாதிச் சரக்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் இருந்து போனதுதான்.

சரி, கண்ணாடிக்கு வருவோம்.

என் பெட்டியில் இருந்தவை ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டில் உள்ள லௌஷா என்ற சின்ன ஊரில் செய்தவை. ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்ற இருவர் 1597-ல் அங்கே கண்ணாடி உலை போட்டார்கள். விறகுக்குக் காடு இருந்தது, விவசாயத்துக்கு நிலம் இல்லை. உலையில் ஊதும் உரிமை சில குடும்பங்களிடம் மட்டும் இருந்ததால், மற்றவர்கள் 18-ம் நூற்றாண்டில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். உலையில் இழுத்த கண்ணாடிக் குழாயை வாங்கி, வீட்டில் ஒரு விளக்குச் சுடரில் சூடாக்கி, மணி ஊதுவது. பிறகு பொம்மைக் கண், செயற்கை மனிதக் கண் என்று வளர்ந்தது.

1847 வாக்கில் ஆப்பிளும் கொட்டையும் வாங்கக் காசில்லாத ஒரு ஏழை கண்ணாடிக்காரர், பிள்ளைகளுக்காக அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதினார் என்று லௌஷாவில் ஒரு கதை உண்டு. கையில் ஆதாரமாக இருப்பது அதற்கு அடுத்த வருடம், 1848-ல், ஒரு ஆர்டர் புத்தகத்தில் பதிவான குறிப்பு: கிறிஸ்துமஸ் மரத்துக்கான உருண்டைகள், மூன்று அளவுகளில், ஆறு டஜன். கதையை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பிரான்ஸின் மைசந்தால் என்ற இன்னொரு கண்ணாடி ஊரின் கதை கிடைத்தது. அங்கே 1858-ல் பஞ்சம், ஆப்பிள் காய்க்கவில்லை, ஒரு கண்ணாடிக்காரர் கண்ணாடியில் ஆப்பிள் ஊதினார்! ஒரே கதை, ஊரும் வருடமும் காரணமும்தான் வேறு. ஆகவே இரண்டையும் நடந்த சம்பவமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு ஊரும் மறக்காமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் உண்மை. கண்ணாடி உருண்டை என்பது தின்ன முடியாத ஆப்பிள். சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஃப்ளாப்பி டிஸ்க் செத்து எத்தனையோ வருடம் ஆகியும் 'சேவ்' பொத்தானில் இன்னும் ஃப்ளாப்பி படம்தானே இருக்கிறது!

மெல்லிய பெரிய உருண்டை ஊத எண்ணெய் விளக்குச் சுடர் போதாது. 1867-ல் லௌஷாவுக்கு எரிவாயு நிலையம் வந்தது. சுடரைக் கூட்டிக் குறைக்க முடிந்ததும் கண்ணாடி வெங்காயத் தோல் கனத்துக்கு மெலிந்தது. அடுத்தது பளபளப்பு. முதலில் ஈயமும் வெள்ளீயமும் உருக்கி உள்ளே சுழற்றிப் பூசினார்கள். அப்புறம் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற வேதியியலாளர் கண்ணாடியில் வெள்ளி படிய வைக்கும் முறையைக் கொடுத்தார். வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ். கலவையை உருண்டைக்குள் ஊற்றி, வெந்நீரில் வைத்துக் குலுக்கினால் உள்சுவரில் கண்ணாடி போல வெள்ளி படியும்.

கவனித்தீர்களா, குளுக்கோஸ்! வெள்ளியைப் படிய வைப்பதே அந்தச் சர்க்கரைதான். மரத்திலிருந்து சர்க்கரைப் பண்டத்தை விரட்டிய கண்ணாடி ஆப்பிளின் மினுமினுப்புக்குக் காரணமும் சர்க்கரை. இன்னொரு வேடிக்கை: பேக்கிங் பவுடரை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான அமெரிக்கர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு இதே லீபிக்கின் மாணவர். பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரை 19-ம் நூற்றாண்டில் மலிவாகி, பேக்கிங் பவுடரும் பொட்டலமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் சாதாரண வீடுகளில் டப்பா டப்பாவாக கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுடுவது பெருகியது. 'பாட்டி காலத்து வழக்கம்' என்று சொல்லும் பலவற்றுக்குப் பின்னால் ஒரு ஆய்வகம் இருக்கிறது.

இப்போது மகளின் கேள்வி. யார் கை?

அப்பா கையில்லை, அல்லது அப்பா கை மட்டுமில்லை. லௌஷாவில் வீடுதான் பட்டறை. அப்பா சுடருக்கு முன் உட்கார்ந்து ஊதுவார். அம்மா வெள்ளிக் கலவையை ஊற்றிக் குலுக்குவார், வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப் போகும். அரக்குச் சாயத்தில் முக்கி, ஆணி அடித்த பலகையில் காயவைத்து, பூ வரைந்து, ஜிகினாத் தூள் தூவ வேண்டும். கடைசியில் நீண்ட கண்ணாடிக் கழுத்தைக் கீறி உடைத்து, மூடி மாட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. சாப்பிடுவதும் தூங்குவதும் பக்கத்திலேயே. காற்றடித்தால் சுடர் ஆடும் என்று ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். பெண்கள் முதுகில் பெரிய பிரம்புக் கூடையைச் சுமந்து, மலையிறங்கி சோன்னபெர்க் என்ற வியாபார ஊருக்கு நடந்தார்கள். 1886-ல்தான் லௌஷாவுக்கு ரயில் வந்தது. விலை வைத்தது சோன்னபெர்க் வியாபாரிகள்.

1880-ல் அமெரிக்காவில் ஐந்து சென்ட், பத்து சென்ட் கடை வைத்திருந்த ஃப்ராங்க் வுல்வொர்த் இந்த உருண்டைகளை அரை மனதோடு 25 டாலருக்கு மட்டும் வாங்கினாராம். இரண்டே நாளில் காலி. 1890-ல் அவரே துரிங்கியாவுக்குப் போய் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆர்டர் கொடுத்தார். (மரத்தில் கண்ணாடி வெள்ளரிக்காயை ஒளித்து வைப்பது பழைய ஜெர்மானிய வழக்கம் என்று அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலான ஜெர்மானியர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. விற்பவனுக்கு ஒரு கதை வேண்டும், அவ்வளவுதான்.) அந்த வியாபாரத்தில் கணக்கு எல்லாம் குரோஸில். பன்னிரண்டு டஜன், 144 உருப்படி, ஒரு குரோஸ்.

அந்த வார்த்தையைப் படித்ததும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். எண்பதுகளில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார்கள், எங்கள் வீட்டிலும்தான். மெல்லிய மரச் சீவலும் நீலத் தாளும் கட்டுக்கட்டாக வரும். அம்மா மைதாப் பசை காய்ச்சுவாள், பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டு. அதனால் பசை லேசாகப் பச்சை பாரித்திருக்கும். ஆச்சி சீவலை மடக்கித் தருவாள். ஸ்கூல் விட்டு வந்து பையை எறிந்துவிட்டு நானும் அக்காவும் உட்காருவோம். வெயிலில் காயவைத்து, சாக்கில் அள்ளி, எண்ணிக் கொடுத்தால் காசு. அந்தக் கணக்கும் குரோஸ்தான். வாய்ப்பாட்டில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்குத் தடுமாறவே தடுமாறாது. வாத்தியார் பாராட்டியிருக்கிறார்.

கஷ்டமாக இருந்தது என்று எழுதினால் பாதிப் பொய். அக்கா கதை சொல்வாள், ரேடியோ பாடும், யார் முதலில் முடிப்பது என்று போட்டி. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாளும் ஒட்டியிருக்கிறோம். அக்கா எட்டாவதோடு நின்றாள்.

1906-ல் பெர்லினில் ஒரு கண்காட்சி நடந்தது. ஜெர்மனி முழுக்க வீடுகளில் கூலிக்குச் செய்த துணிகள், பொம்மைகள் போன்ற சாமான்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. இதைச் செய்ய எவ்வளவு நேரமானது, என்ன கூலி கிடைத்தது, மணிக்கு எவ்வளவு. இது எத்தனை கெட்டிக்காரத்தனமான யோசனை! உரையில்லை, கோஷமில்லை, பொருளும் கணக்கும் மட்டும். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1903-ல், பெற்றோரே தங்கள் பிள்ளைகளை வீட்டுத் தொழிலில் வேலை வாங்குவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்திருந்தது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பான்? தொழிற்சாலைச் சட்டம் வாசற்படியில் நின்றுவிடும் என்பது எங்கள் தெருவுக்கும் தெரியும்.

மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1939-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் மின்விளக்குக் குமிழ் செய்யும் இயந்திரத்தை கிறிஸ்துமஸ் உருண்டைக்குத் திருப்பியது. சீக்கிரமே நாளுக்குச் சுமார் 3 லட்சம் உருண்டைகள். போர்க்காலத்தில் வெள்ளி கிடைக்காமல் வெறும் கண்ணாடியில் வண்ணக் கோடு மட்டும் போட்டு, உலோக மூடிக்குப் பதில் அட்டை மூடி மாட்டி விற்றார்கள். இன்று அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். லௌஷா கிழக்கு ஜெர்மனிக்குள் போய், அரசு ஆலையாகி, 1990-க்குப் பிறகு மறுபடி சின்னப் பட்டறைகளாகப் பிரிந்தது. 2021-ல் வாயால் ஊதும் லௌஷா கிறிஸ்துமஸ் அலங்காரத்தை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. என் பெட்டிச் சீட்டில் இருந்த 'கையால் செய்தது' இப்போது விலையைக் கூட்டும் வார்த்தை. 1890-ல் அதே வார்த்தை விலையைக் குறைத்தது. கை மலிவு என்பதால்தான் வுல்வொர்த் அவ்வளவு தூரம் போனார்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களோடு இருக்கும் அம்மா கல்கல் டப்பாவின் அடியில் ஒட்டிய சர்க்கரையைச் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டுவதற்காக எடுத்த கண்ணாடி ஆப்பிள் கைதவறி விழுந்தது. பெரிய சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு மெலிசு. மகள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

அம்மா குனிந்து ஒரு சில்லை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளி. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள்.

"ஏன்யா, இதுக்கு குரோசுக்கு எவ்வளவு குடுத்தாக?" என்றாள்.