நாற்றம் நின்றுபோன பிறகு

இது நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாடு முடித்துவிட்டுப் படியுங்கள்.

என்னிடம் ப்ளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு ஆய்வகத்தின் சன்னலோரம் நின்ற அந்தக் கண்ணாடிக் கிப் உபகரணம் மறந்திருக்காது. இரும்பு சல்ஃபைடு துண்டுகள் மேல் நீர்த்த கந்தக அமிலம் பட்டதும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். "ஹைட்ரஜன் சல்ஃபைடு, நாற்றமே அடையாளம், ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்பேன். லெட் அசிடேட் தாளை நீட்டினால் கறுக்கும். அத்துடன் மணி அடித்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு மாணவன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவன் அப்பா தோல் ஷாப்பில் வேலை. கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்க ஒருவர் இறங்கி மயங்கி விழ, தூக்கிவிட இறங்கிய இரண்டாவது ஆள் இவன் அப்பா. இருவருமே திரும்பவில்லை. மொட்டைத் தலையோடு வந்த பையன், ஆய்வக வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என் மேசைக்கு வந்தான்.

"சார், மேலே நின்னவங்க சொன்னாங்க. எங்கப்பா எறங்கும்போது, 'இப்ப நாத்தம் இல்ல, போயிடுச்சு'ன்னு சொன்னாராம். நாத்தம்தான் அடையாளம்னு நீங்க சொன்னீங்களே சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சுப் பார்த்துச் சொல்றேன்பா" என்றேன். சனிக்கிழமை பஸ் ஏறி வேலூர் போய் நூலகத்தில் உட்கார்ந்தேன். ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் நான்கு வரியில் இருந்தது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே இந்த வாயுவை மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அது 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். அதற்குமேல் நாற்றமே தெரியாது. 500-ஐத் தாண்டினால் மயக்கம், ஆயிரத்தில் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுவான். நாற்றம் போய்விட்டது என்று அந்த மனிதர் சொன்னபோது வாயு போகவில்லை. அவர் மூக்குதான் போயிருந்தது.

நான் சொல்லிக்கொடுத்தது பாதிப் பாடம். அன்று முதல் மீதிப் பாடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம் பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, மாதக்கணக்கில் ஊறல். நாற்றம் உண்டு, முதுகு ஒடியும், கை வெந்துபோகும். குரோமியம் உப்பில் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் முயன்று பார்த்தவர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன். கவலை ஏற்றத்தின் தோல் பறி தண்ணீரில் சீக்கிரம் அழுகாமல் இருக்கவேண்டும் என்பது அவர் மனத்தில் இருந்த ஒன்று. கமலைப் பறிக்காக வந்த வித்தை கடைசியில் ஜெர்மனிக்குப் போகும் ஷூவுக்குப் பயன்பட்டது! 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. எழுபதுகளில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோல், பிறகு ஷூ என்று ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் மாறின. பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்த நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்!

இந்த மாற்றத்தில்தான் கிப் உபகரணம் ஒளிந்திருக்கிறது. முடி உதிர்க்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அது காரம். அடுத்தடுத்த வேலைகளில், பிக்கிளிலும் குரோமிலும், அமிலம். இரண்டு கழிவும் ஒரே வாய்க்காலில் ஓடி ஒரே தொட்டியில் சேர்ந்தால் என்ன ஆகும்? என் ஆய்வகத்தில் நடந்ததேதான். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் தொட்டியின் அடியில் தங்கும். இன்னொரு வழியும் உண்டு. காற்றுப் படாத சேற்றில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றி, வாயுவைச் சேற்றுக்குள்ளேயே சிறைவைக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இறங்கி மண்வெட்டியால் கிளறும்போதுதான் குபீரென்று வெளியே வரும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. லண்டனுக்குக் கிழக்கே ஈஸ்ட் ஹாமில் 1895 ஜூலை 1 அன்று சாக்கடை நீரேற்று நிலையத்தில் ஒருவர் இறங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் இறங்கினார்கள். ஐவரும் செத்தார்கள். அந்த நால்வரின் வீரத்தைப் போற்றி லண்டன் பூங்கா ஒன்றில் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே விபத்தை ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் வேறு விதமாகப் பார்த்தார். என்ன வாயு, எவ்வளவு, எப்படிக் கொன்றது என்று ஆராய்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று எழுதிவைத்தார். எனக்கு ஓடுகளைவிட அந்த அறிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

நம் நாட்டிலும் எழுத்தில் குறைவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டியில் யாரும் இறங்கவேண்டுமானால், தகுதியுள்ளவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்கவேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்கவேண்டும் என்றது. அந்தக் கயிறு எதற்கு? இரண்டாவது ஆள் இறங்காமலே முதல் ஆளை மேலே இழுப்பதற்கு. நான் இந்த வரியைப் படித்தபோது அந்தப் பையனின் அப்பாவைத்தான் நினைத்தேன். ஒரு முழக் கயிற்றின் விலை என்ன?

இங்கே ஒரு கிளைக்கதை. நம் வேலூர்க் கதை என்பதால் விடமாட்டேன். கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. அவரோ ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். யாராலும் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். விரல் எலும்புவரை கிழிந்தது, அவனுக்கு வலிக்கவேயில்லை. நரம்பு மரத்த கை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் பல மடங்கு அழுத்திப் பிடிக்கிறது. சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, செருப்புக்குள் ஆணி எதுவும் உறைப்பதில்லை. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. ஆகவே வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினாராம்! 1951-இல் தொடங்கிய புதுவாழ்வு மையத்தில் தச்சு வேலை செய்தவர்களின் கைகளைத் தினமும் பார்த்து, எந்தக் கருவி எங்கே புண்ணாக்குகிறது என்று கவனித்து, பிடியை மாற்றினார்கள். காட்பாடி பக்கம் கரிகிரியில் புகழ்பெற்ற அந்த எம்.சி.ஆர். மென்ரப்பர் செருப்பும் இந்த வழியில் வந்ததுதான். இன்று நம் வீட்டுச் சர்க்கரைக்காரர்கள் காலில் அதைப் பார்க்கிறோம்.

ஏன் இதைச் சொல்கிறேன்? வலிக்காத கையும் மோப்பம் போன மூக்கும் ஒரே ரகம். உடம்பு எச்சரிக்காதபோது "ஜாக்கிரதையாக இரு" என்று ஆளைத் திட்டிப் பயனில்லை. பிராண்ட் கையைத் திட்டவில்லை, பிடியை மாற்றினார்.

தோல் ஷாப்பில் அந்த 'பிடி' மாறியது எப்படி என்றால், அது பாதி தற்செயல். பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். ஆற்றையும் நிலத்தையும் பற்றிய வழக்கு அது, தொட்டியில் இறங்குபவரைப் பற்றியது அல்ல. சுத்திகரிப்பு வந்ததில் தொட்டிகளும் கூடின, சேறும் கூடியது, அதை அள்ள ஆளும் தேவைப்பட்டார். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்துப் பிள்ளைகள். அது வாயு அல்ல, சுவர். ஆனாலும் சேற்றுக்குப் பக்கத்தில் மனிதனைப் படுக்க வைத்ததும் ஒரு வடிவமைப்புத்தானே?

நல்லதும் நடந்தது. குரோமியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்தக் குரோம் கழிவுக்குத் தனி வாய்க்கால் போட்டார்கள். காசு மிச்சம் என்பதற்காகவும் மாசுக் கட்டுப்பாட்டுக்காகவும் போட்டதுதான், ஆனால் அந்த அமிலக் கழிவு சல்ஃபைடோடு கலப்பது அதனால் குறைந்தது. மாங்கனீஸ் சல்ஃபேட் சிறிது போட்டுக் காற்றை ஊதினால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமாகி அடங்கும். சல்ஃபைடைக் குறைத்து நொதியால் முடி உதிர்க்கும் முறைகளை அடையாறு நிலையத்தார் உருவாக்கினார்கள். ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பு சென்னையிலிருந்து நடத்திய திட்டத்தில், 1999-இல் டேனரி மேலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பாதுகாப்புக் கையேடு ஒன்று வந்தது. ஆனால் எல்லா ஷாப்பும் இதையெல்லாம் செய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். செய்தித்தாள் படிக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும்.

அந்தப் பையன் இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளன். நான் தேடிக் கண்டதை அடுத்த வாரமே அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டான். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். புதிதாகக் கட்டிய தொட்டி. அடி சரிவாக இருக்கிறது, சேறு தானாக ஒரு மூலைக்கு வந்து பம்பில் ஏறிவிடும். மேலே கம்பி வலை போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. ஏணி எங்கேப்பா என்று கேட்டேன். "ஏணியே வைக்கல சார். வெச்சா எறங்குவாங்க" என்றான்.

அறிவிப்புப் பலகைக்கான வாசகத்தையும் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தான்: "துர்நாற்றம் வந்தால் அருகில் செல்லாதீர்." சிவப்பு மையால் திருத்திய பழக்கம் போகுமா? "நாற்றம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இறங்காதே" என்று மாற்றி அனுப்பினேன். பெயின்டரிடம் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. "அடிக்காவிட்டாலும்" என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறானாம்.