ஆயிரங்கோணமும் காகிதமும்: அறிவுமுதல்வாதத்தில் கற்பனையும் புலனும்

பொஹீமிய இளவரசி எலிசபெத்துக்கு 1643 ஜூன் 28 அன்று எழுதிய கடிதத்தில், ரெனே தெக்கார்த் தம் நேரத்தை எப்படிப் பங்கிட்டு வந்தார் என்று சொல்கிறார். தூய அறிவை மட்டும் உழைக்கவைக்கும் சிந்தனைக்கு ஆண்டுக்குச் சில மணி நேரம். கற்பனையை ஈடுபடுத்தும் சிந்தனைக்கு நாளொன்றுக்குச் சில மணி நேரம். மற்றப் பொழுதெல்லாம் புலன்களைத் தளரவிட்டு மனத்தை இளைப்பாற விடுவதற்கு. புலன்களின் சாட்சியத்தை முதல் வேலையாகத் தள்ளிவைத்தவர் என்று நாம் படித்திருக்கும் தத்துவவாதியின் பங்கீடு இது.

அரச குலப் பெண்ணுக்கு எழுதிய உபசார வார்த்தை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பங்கீட்டுக்கான அடிப்படையும் அதே கடிதத்தில் இருக்கிறது. உடலற்ற ஆன்மா உடலை எப்படி அசைக்க இயலும் என்று எலிசபெத் அந்த மே மாதம் கேட்டிருந்தார். தெக்கார்த்துக்கு வந்த கேள்விகளில் இதைவிடக் கூர்மையானவை குறைவு. ஆன்மாவைத் தூய அறிவு மட்டுமே அறியும். பரப்பு, வடிவம், இயக்கம் ஆகியவற்றைக் கற்பனையின் துணையோடு அறிவு இன்னும் நன்றாக அறியும். ஆன்மாவும் உடலும் ஒன்றியிருப்பதைப் புலன்களே தெளிவாகக் காட்டும் என்பது அவர் பதில். தத்துவம் பக்கமே போகாதவர்களுக்கு இந்த மூன்றாவதில் ஐயம் வருவதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

பாடநூல்கள் தரும் சித்திரத்தில் இந்தக் கடிதத்துக்கு இடமில்லை. அவற்றில் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவம் இரண்டு அணிகளாக நிற்கும்: அறிவை நம்பிய தெக்கார்த், ஸ்பினோசா, லைப்னிஸ் ஒரு பக்கம், புலனனுபவத்தை நம்பிய லாக்கும் அவர் வழிவந்தவர்களும் மறுபக்கம். இந்தப் பிரிவினைக்குக் கான்ட் ஒரு முக்கியக் காரணம். லைப்னிஸ் தோற்றங்களை அறிவாக்கினார், லாக் கருத்துகளைப் புலனாக்கினார் என்று 1781இல் வெளிவந்த ‘தூய அறிவின் விமர்சன’த்தில் அவர் வகுத்ததை, 19ஆம் நூற்றாண்டின் தத்துவ வரலாற்றாசிரியர்கள் கெட்டிப்படுத்தினார்கள். வகுப்பறைக்கு வசதியான பிரிவுதான். ஆனால் அறிவுமுதல்வாதிகள் புலனுக்கு மறுத்தது தீர்ப்புச் சொல்லும் உரிமையை. உழைக்கும் உரிமையை அவர்கள் மறுக்கவில்லை. தூய அறிவு தனித்து இயங்கும் என்ற நம்பிக்கைக்கு நேர்ந்த கடுமையான சோதனையும் லாக்கிடமிருந்து வரவில்லை. அது லைப்னிஸிடமிருந்தே வந்தது.

தூய அறிவின் தனித்துவத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று, 1641இல் வெளிவந்த தெக்கார்த்தின் ‘தியானங்க’ளின் ஆறாம் தியானத்தில் வரும் ஆயிரங்கோணம். முக்கோணத்தை நினைக்கும்போது மூன்று கோடுகளால் அடைபட்ட உருவம் என்று புரிந்துகொள்வதோடு, அந்தக் கோடுகளை மனக்கண்ணால் பார்க்கவும் செய்கிறோம். ஆயிரம் பக்கங்கள் கொண்ட உருவத்தையும் அதே அளவு புரிந்துகொள்கிறோம், பார்க்கத்தான் முடிவதில்லை. ஏதோ மங்கலான வடிவம் மனத்தில் எழுந்தாலும், பத்தாயிரம் பக்க உருவத்தை நினைத்தால் எழுவதும் அதுவே. ஐங்கோணத்தைக் கற்பனை செய்ய மனம் தனியாக முயல வேண்டியிருப்பதையும் தெக்கார்த் கவனிக்கிறார். ஆகவே கற்பனை வேறு, அறிவு வேறு; கற்பனை இல்லாவிட்டாலும் நான் நானாகவே இருப்பேன்.

இந்த வாதம் படிமம் இல்லாமலும் புரிதல் சாத்தியம் என்பதைக் காட்டுகிறது. கணிதவியலாளர் படிமமோ குறியோ இல்லாமல் வேலை செய்கிறார் என்பதை அது காட்டவில்லை. சமகாலத் தத்துவவாதி பியர் கஸ்ஸாந்தி அப்போதே குறுக்கிட்டார்: ஆயிரங்கோணத்தைப் புரிந்துகொண்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் அந்தச் சொல்லின் பொருளை மட்டுமே அறிந்திருக்கிறீர்கள் என்பது அவரது ஆட்சேபம். அதைப் பற்றிப் பலவற்றைத் தெளிவாக நிரூபிக்க முடிகிறதே என்று தெக்கார்த் பதில் சொன்னார். நல்ல பதில்தான். ஆனால் அந்த நிரூபணம் எங்கே நடக்கிறது?

அவர் முடிக்காமல் விட்ட ‘மனத்தை நெறிப்படுத்தும் விதிகள்’ என்ற நூல் இதற்கு நேரடியாகவே பதில் தருகிறது. உருவங்களை வரைந்து புறப்புலன்களுக்கு முன்னால் வை, கவனம் சிதறாது என்கிறது பதினைந்தாம் விதி. உடனடிக் கவனம் தேவைப்படாதவற்றைச் சுருக்கமான குறிகளாக எழுதிவை, நினைவு ஏமாற்றாது என்கிறது பதினாறாம் விதி. நிரூபணம் காகிதத்தில் நடக்கிறது. 1637இல் வந்த ‘வடிவகணித’த்தின் பெரிய சாதனையும் இந்த வகையைச் சேர்ந்ததே. இரண்டு கோடுகளைப் பெருக்கினால் செவ்வகம், மூன்றைப் பெருக்கினால் கனவுரு என்று பழைய வழக்கம் சொன்னது. நான்காவது கோட்டுக்கு வந்ததும் கற்பனை திணறிப்போகும். ஓர் அலகுக் கோட்டைத் தேர்ந்துகொண்டு, ஒத்த முக்கோணங்களின் உதவியால் பெருக்கல்பலனையும் வெறும் கோடாகவே ஆக்கினார் தெக்கார்த். கற்பனையைத் துரத்தியிருந்தால் இந்த ஏற்பாடே தேவைப்பட்டிருக்காது. அதன் சுமை குறைய வேண்டும் என்பதே நோக்கம்.

புலனைப் பற்றிய அவரது கொள்கையும் இதே திசையில் போகிறது. ‘வடிவகணித’த்தோடு வெளிவந்த ‘ஒளியியல்’ நூலில், அப்போதுதான் இறந்த மனிதனின் கண்ணையோ, அது கிடைக்காவிட்டால் மாட்டுக் கண்ணையோ எடுத்துப் பின்புறத்து உறைகளைச் சீவி நீக்கி, இருட்டறையின் துளையில் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார். வெளியே இருப்பவை அதன் பின்புறத்தில் படமாக விழும். புலனை நம்பாதவர் செய்யும் வேலையா இது? ஆனால் முக்கியமான அடியை அவர் இதற்குப் பிறகுதான் வைக்கிறார். அந்தப் படத்தைப் பார்க்க மூளைக்குள் இன்னொரு கண் கிடையாது. படம் பொருளைப் போலவே இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செதுக்கோவியத்தில் அங்கங்கே படிந்த கொஞ்சம் மை காடுகளையும் நகரங்களையும் போர்க்களங்களையும் காட்டுகிறது. வட்டத்தை வட்டமாகக் காட்ட அங்கே நீள்வட்டம் வரைய வேண்டியிருக்கிறது. அவர் காலமான பின் 1664இல் வெளிவந்த ‘உலகம்’ நூலின் தொடக்கத்தில் இதற்கு இன்னும் நேரான வடிவம் உண்டு: சொற்கள் பொருள்களைப் போல இல்லாமலே அவற்றை நினைக்கவைக்கின்றன, இயற்கையும் அப்படி ஒரு குறியை அமைத்திருக்கலாம், ஒளியுணர்வு அதுதான். புலனுணர்வு பொருளின் நகலாக இல்லாமல் பொருளுக்கான குறியாகிவிடுகிறது. நகல் என்றால் அது பொய்யென்று தள்ள வேண்டியிருக்கும். குறி என்றால் வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஆயிரங்கோணத்தை 1684இல் லைப்னிஸ் மறுபடி எடுக்கிறார். ‘அறிவு, உண்மை, கருத்துகள் பற்றிய சிந்தனைகள்’ ஒரு சிறு கட்டுரை. தெக்கார்த்துக்கு எதிராக எழுதப்பட்ட நூல்கள் பலவற்றைவிட ஆழமாகத் தைப்பது அதுதான் என்பேன். ஆயிரம் சம பக்கங்கள் கொண்ட உருவத்தை நினைக்கும்போது பக்கம், சமன்மை, பத்தின் கனமான ஆயிரம் ஆகியவற்றின் இயல்பை ஒவ்வொன்றாக நாம் நினைப்பதில்லை என்கிறார் அவர். கருத்துகளின் இடத்தில் சொற்களை வைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம். இதற்கு அவர் இட்ட பெயர் குருட்டுச் சிந்தனை, அல்லது குறிவழிச் சிந்தனை. இயற்கணிதத்திலும் எண்கணிதத்திலும் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா இடத்திலும் நாம் இப்படித்தான் சிந்திக்கிறோம்.

தெக்கார்த் தூய அறிவுக்குச் சான்றாகக் காட்டிய அதே உருவம் இங்கே குறியின் இன்றியமையாமைக்குச் சான்றாகிறது. கஸ்ஸாந்தியின் ஆட்சேபம், அவர் எதிர்பார்த்திராத முகாமிலிருந்து திரும்பி வருகிறது. குருட்டுச் சிந்தனையின் ஆபத்தையும் லைப்னிஸ் மறைக்கவில்லை. எல்லாவற்றிலும் மிக வேகமான இயக்கம் என்ற தொடர் புரிவதுபோலத்தான் தோன்றுகிறது. அத்தகைய வேகத்தில் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றை விளிம்புக்கு வெளியே நீட்டினால், அதன் நுனி இன்னும் வேகமாகச் சுழலும். கருத்து தன்னையே முறித்துக்கொள்கிறது. கடவுளின் இருப்புக்குத் தெக்கார்த் தந்த நிரூபணத்தையும் இதே சோதனைக்கு உட்படுத்துகிறார்: முழுநிறை உளபொருள் என்ற கருத்தில் முரண் இல்லை என்பதை முதலில் காட்ட வேண்டும், சொல் புரிவது போதாது.

லாக்குக்குப் பதிலாக அவர் எழுதிய ‘புதிய கட்டுரைகள்’ 1765இல்தான் அச்சேறின. அங்கே இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: எவ்வளவு அருவமான சிந்தனையானாலும் புலனுக்குரிய ஏதோ ஒன்றின் துணை இல்லாமல் நடவாது, அந்த ஒன்று எழுத்தின் வடிவமாகவோ ஒலியாகவோ இருந்தாலும் சரி. எதிர்வாதம் ஒன்று உண்டு. இவையெல்லாம் கண்டுபிடிப்பதற்கான உதவிகள் மட்டுமே, உண்மையை நிறுவுவது அறிவுதானே? பாதி சரி. எத்தனை நிகழ்வுகளை எண்ணினாலும் ஓர் உண்மை எப்போதும் அப்படியே இருந்தாக வேண்டும் என்பதைப் புலன் நிறுவாது என்று லைப்னிஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடிப்படைக் கருத்துகளை நேரடி உள்ளொளியால் மட்டுமே அறிய முடியும் என்பதையும் 1684 கட்டுரையில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நீண்ட நிரூபணத்தில் ஒவ்வொரு படியையும் மனம் ஒரே நேரத்தில் ஏந்தி நிற்பதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்து நம்புகிறோம். நிறுவும் வேலையிலேயே கண்ணும் கையும் பங்கெடுக்கின்றன. கண்டுபிடிப்பு, நிறுவல் என்ற பிரிவு அந்த இடத்தில் உதவாது.

என் வாதத்துக்குச் சிக்கல் தருபவர் ஸ்பினோசா. கற்பனையிடம் அவர் காட்டும் நியாயம் மற்ற இருவரையும் மிஞ்சுகிறது. 1677இல் வெளிவந்த ‘அறவியல்’ நூலின் இரண்டாம் பகுதியில், கற்பனைகளைத் தம்மளவில் பார்த்தால் அவற்றில் பிழையே இல்லை என்கிறார். இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யும்போதே அது இல்லை என்பதையும் மனம் அறிந்திருந்தால், அந்தக் கற்பனை குறையாகாது, ஆற்றலாகும். சூரியன் இருநூறு அடி தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மைத் தொலைவைக் கற்ற பிறகும் அப்படியே தோன்றுகிறது. தோற்றம் பொய் சொல்லவில்லை, சூரியனால் நம் உடல் பாதிக்கப்படும் விதத்தைச் சொல்கிறது. 1670இல் வந்த ‘இறையியல் அரசியல் ஆய்வுரை’யில் தீர்க்கதரிசிகளுக்கு அவர் அளிக்கும் மதிப்பும் இதன் தொடர்ச்சியே: அவர்களிடம் இருந்தது கூடுதல் அறிவல்ல, கூடுதல் வீரியமுள்ள கற்பனை. பீட்டர் பாலிங் என்ற நண்பர் குழந்தையை இழந்தபோது, அது நலமாக இருந்த நாளிலேயே அதன் முனகலைக் கேட்டதாக எழுதினார். 1664இல் ஸ்பினோசா அனுப்பிய பதில் அவரைக் கேலி செய்யவில்லை. தந்தையின் கற்பனை மகனின் நிலையோடு பிணைந்திருக்கக்கூடும் என்று விளக்கப் பார்க்கிறது.

ஆனால் ‘அறவிய’லின் ஐந்தாம் பகுதியில், உடல் இருக்கும்வரை மட்டுமே மனத்தால் கற்பனை செய்யவும் நினைவுகொள்ளவும் முடியும் என்று கோடு போட்டுவிடுகிறார். உடல் அழிந்தபின் எஞ்சும் நித்தியப் பகுதி அறிவு மட்டுமே. படிமமும் குறியும் இல்லாத அறிவு ஒன்று இங்கே உண்மையாகவே கோரப்படுகிறது. எனினும் அந்த இடத்து விளக்கவுரையில் அவர் பயன்படுத்துபவை உணர்தல், அனுபவித்தல் ஆகியவற்றுக்கான வினைச்சொற்கள்: நம் நித்தியத்தை நாம் உணர்கிறோம் என்கிறார், மனத்தின் கண்கள் நிரூபணங்களே என்றும் சொல்கிறார். வெறும் அணி என்று உரையாசிரியர்கள் கடந்துபோவதுண்டு. கற்பனை என்ற சொல்லின் எல்லையை அத்தனை கவனமாக வரைந்த ஒருவர் உணர்வு என்ற சொல்லை மட்டும் அசட்டையாகக் கையாண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புலனுறுப்பு இல்லாத அந்த உணர்வு எத்தகையது என்பதை நூல் விளக்கவில்லை. அந்த அளவுக்கு என் வாதம் ஸ்பினோசாவிடம் முழுமை பெறவில்லை. கண்களாகச் சொல்லப்பட்ட நிரூபணங்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம்: ‘அறவிய’லில் அவை எண்ணிடப்பட்டு, முன்னே வந்த முன்மொழிவுகளைச் சுட்டிக்கொண்டே செல்கின்றன, காகிதத்தில் பின்னோக்கிப் புரட்டாமல் அவற்றைப் பின்தொடர முடியாது.